பூச்சிக்குப் பூச்சி: காய்கறித் தோட்டத்தில் அகிம்சையின் வரலாறு

சமணர் அகிம்சை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அதெல்லாம் சரிங்க நயினார், கத்தரிச் செடியில பூச்சி வந்தா உங்க ஆளுங்க என்ன பண்ணுவீங்க?" கேலியாகக் கேட்டாலும் இது ஆழமான கேள்வி. ஏனென்றால் தமிழ்ச் சமணர் வணிகர் மட்டும் அல்லர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். பூச்சியை அறியாமல் உழவு செய்தவர் எவரும் இல்லை.

எங்கள் அற நூல்கள் இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காக வகுத்திருக்கின்றன. கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கல்பி. சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. உழவு, வணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவது அறவே கூடாது. மற்ற மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொண்டே வரவேண்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. எங்கள் ஆகமங்களும் புலன்களை எண்ணியே உயிர்களை வகுக்கின்றன. எறும்பு இரண்டிலும் மூவறிவு உயிர்தான்.

குறைப்பது என்றால் எப்படி? எது கெடுக்கும் பூச்சி, எது காக்கும் பூச்சி என்று அறிந்தால்தான் அடிக்க ஓங்கிய கை கீழே இறங்கும். இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. கடந்த இருநூறு ஆண்டுத் தென்னிந்திய வரலாறு சொல்வதும் இதுதான்.

தவறி வந்த பூச்சி

பதினெட்டாம் நூற்றாண்டில் சிவப்புச் சாயத்துக்குப் பெரும் கிராக்கி. மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து அந்தச் சாயம் கிடைத்தது. அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதில் ஆசை. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சரக்கு மாறிய பூச்சி! அசல் கொச்சினீல் அல்ல, அதன் பங்காளி இனம். சாயம் தரம் குறைந்தது. கம்பெனியின் வியாபாரம் தேறவில்லை.

ஆனால் அந்தப் பூச்சி பரவிய இடங்களில் ஒருவகைக் கள்ளிப் புதர்கள் கருகி விழுந்தன. இதைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரை அதே பூச்சியை வேண்டுமென்றே தென்னாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். களையைப் பூச்சியால் அடக்கிய வரலாறு உலகில் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பூச்சியியல் நூல்கள் எழுதுகின்றன.

இந்தப் பூச்சி நம் ஊர் வறண்ட காடுகளை மூடியிருந்த இன்னொரு இனச் சப்பாத்திக்கள்ளியைத் தொடவே இல்லை. அதற்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வரவேண்டியிருந்தது. அது வந்து சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் பெருமளவு ஒழிந்தன. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பூச்சிகளில் ஒன்று இந்தக் கள்ளியை மட்டும் தின்றது, மற்றது அந்தக் கள்ளியை மட்டும் தின்றது. பூச்சி என்று மொத்தமாகப் பேசுவது எவ்வளவு பொருளற்றது பாருங்கள்.

நண்பனைக் கொல்லும் கை

1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்தது. காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சியை அது தின்னும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த வேலை நடக்கவில்லை. ஆனால் வண்டு இங்கேயே தங்கி, மாவுப்பூச்சியைத் தின்று பிழைத்துக்கொண்டது. இன்று ஆய்வுக்கூடங்களில் பழுத்த பூசணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்த வண்டைப் பெருக்கி, விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

வெளிமாநிலங்களில் பால்கனியிலும் மாடியிலும் செடி வளர்க்கும் நம் குடும்பங்கள் இந்த வண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. இதன் புழுப் பருவம் வெள்ளை மெழுகிழைகளால் மூடப்பட்டு, அச்சாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். "ஐயோ, இவ்வளவு பெரிய மாவுப்பூச்சியா!" என்று நசுக்கிவிடுகிறோம். அடையாளம் சுலபம்: மாவுப்பூச்சி சிறியது, பெரும்பாலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டின் புழு அதைவிடப் பெரிது, மெழுகிழைகளும் நீளம். ஈர்க்குச்சியால் தொட்டால் சட்டென்று நகர்ந்துவிடும். தொட்டுப் பார்க்கிற அரை நிமிடப் பொறுமைதான் ஹிம்சைக்கும் அகிம்சைக்கும் நடுவே நிற்கிறது.

மருந்து தோற்ற இடம்

2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் பூர்வீகம் மெக்சிகோ. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பாய்ந்தது. விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் படலம். மருந்து உள்ளே சரியாக இறங்கவில்லை. நன்மை செய்யும் பூச்சிகள்தாம் முதலில் செத்தன.

2010இல் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய அமைப்பு, போர்ட்டோரிகோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. கடுகை விடச் சிறிய உயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது. மருந்தடிப்பதை நிறுத்திய வயல்களில் குளவி நிலைத்தது, பூச்சி அடங்கியது.

மருந்துத் தெளிப்பு பூச்சியோடு நிற்பதில்லை என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்கு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டு, அப்பகுதி மக்கள் பெரும் துன்பத்துக்கு உள்ளானார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கு நாடெங்கும் தடை விதித்தது.

வேம்பும் பழமையும்

1962இல் டெல்லியில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் அவர்களின் குழு வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்தது. கிளிகள் அந்தப் பயிரைத் தின்னாமல் விட்டன. வேம்பு பூச்சியின் வளர்ச்சியையும் தடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் அதன் முதல் குணம் விலக்குவதுதான். வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் காப்புரிமை வாங்க, நம்மவர்கள் சேர்ந்து வழக்காடினார்கள். 2000இல் அது ரத்தானது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர் கண்டதே" என்று எழுந்து நிற்பவர்கள் உண்டு. நிதானம் வேண்டும். சுரபாலரின் விருக்ஷாயுர்வேதம் வாய்விளங்கம், கடுகு ஆகியவற்றால் மரப்பூச்சியை ஓட்டச் சொல்கிறது, ஏற்கலாம். அதே நூலின் குணபஜலம் மாமிசத்தை வேகவைத்துச் செய்வது. அது எங்களுக்கு ஆகாது. பழையது என்பதற்காகத் தலையில் வைக்கவும் வேண்டாம், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

ஒரு சிக்கல்

குளவியை விட்டு மாவுப்பூச்சியைக் கொல்வதும் ஹிம்சைதானே என்று எங்கள் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை உத்யோகி ஹிம்சையின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. புண்ணியக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒரு தெளிப்பில் நல்லது கெட்டது அத்தனையும் மடிவதோடு ஒப்பிட்டால், இங்கே சேதம் ஓர் இனத்தோடு நிற்கிறது. வணிகனுக்குத் தெரியும், நஷ்டமே இல்லாத வியாபாரம் கிடையாது. நஷ்டத்தை எவ்வளவில் நிறுத்துகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம்.

எனவே வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வரிசை சொல்வேன். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடுத்து எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வைத்தால் எறும்பு ஏறாது. பிறகு குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல். அதையும் பொறிவண்டுப் புழு இருக்கும் செடியில் தெளிக்காதீர்கள், அந்த வேலையைப் புழுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு கத்தரிக்காய் சொத்தையாகப் போனால் போகட்டும். அது மூவறிவுக்கும் நாலறிவுக்கும் நாம் கொடுத்த பங்கு.