காயலான் கடையும் மூலபாடமும்: லிபரேட்டர் விமானங்களின் இந்திய வாழ்வு குறித்து

பழைய விமானங்களைப் பாதுகாப்பது பற்றிய பேச்சில் 'அசல்' என்கிற வார்த்தை வெகு சுலபமாக வந்து விழுகிறது. அசல் வண்ணம், அசல் எண், அசல் பாகம் என்கிறார்கள். சுவடிப் பதிப்புகளோடு கொஞ்சகாலம் மாரடித்த தமிழ் மாணவனுக்கு இந்த வார்த்தையைக் கேட்டால் சற்றே தயக்கம் வரும். ஓலைச்சுவடியில் அசல் என்று எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. கிடைத்ததெல்லாம் படியின் படி, அதன் படி. ஏட்டைச் செல்லரிக்காமல் காப்பாற்றியவன் எவனோ அவனேதான் அதில் பாடபேதத்தையும் ஏற்றி வைத்தவன். இந்தப் பழக்கத்தோடு ஒரு குண்டுவீச்சு விமானத்தை வாசித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

விமானத்தின் பெயர் பி-24 லிபரேட்டர். விடுதலை தருபவன் என்று பொருள். பெயரில் உள்ள பகடியை அப்புறம் பார்க்கலாம். நான்கு எஞ்சின் கொண்ட அமெரிக்க விமானம். இரண்டாம் உலகப் போரின்போது 18,000க்கு மேல் கட்டினார்கள். மிச்சிகனில் ஃபோர்டு கம்பெனி இதற்கென்றே நிறுவிய வில்லோ ரன் ஆலையிலிருந்து, உற்பத்தி உச்சத்தில் இருந்த 1944இல், ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. போர் முடிந்ததும் அதே வேகத்தில் உருக்கினார்கள். அரிசோனா பாலைவனத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி, வெட்டி, அலுமினியப் பாளங்களாக்கி விற்றார்கள். இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் ஏறத்தாழ முழு உருவத்தோடு நிற்பவை இருபதுக்கும் குறைவு. அந்தச் சொற்பத்தில் குறைந்தது ஐந்து, இந்திய விமானப் படையில் இருபதாண்டுக் காலம் வேலை பார்த்துவிட்டுப் போனவை. எஞ்சியவற்றில் இத்தனை எப்படி இந்தியாவின் வழியாக வந்தன என்பதுதான் கதை.

பிரிட்டிஷ் விமானப் படை இந்தியாவில் ஓட்டிய லிபரேட்டர்கள் அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை தர வேண்டும், இல்லையென்றால் பயன்படாதபடி ஆக்க வேண்டும். பிரிட்டனிடம் டாலர் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஆகவே கான்பூரில் கொண்டுவந்து குவித்து, இனி யாரும் ஓட்ட முடியாதபடி சேதப்படுத்திவிட்டு 1946-47இல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கவனிக்க வேண்டியது இது: இந்த அழிப்பு போரின் வன்முறை அல்ல, கணக்குப் புத்தகத்தின் வன்முறை. ஒரு பொருளின் வாழ்வை அதன் உழைப்புத் திறன் முடித்துவைக்கவில்லை, ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து முடித்துவைத்தது. நம்மூர் பாஷையில் சொன்னால், நாமும் வச்சுக்கக் கூடாது, அடுத்தவனும் அனுபவிக்கக் கூடாது.

அந்தக் காயலான் கடைக்குள் பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் ஆட்கள் இறங்கினார்கள். 1947-48இல் காஷ்மீர்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது. புதிய அரசுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் வேண்டும், வாங்கக் காசில்லை. நொறுக்கப்பட்ட ஒன்றின் இறக்கையை இன்னொன்றின் உடலோடும் மூன்றாவதன் எஞ்சினோடும் சேர்த்து, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒப்பேற்றினார்கள். கம்பெனியின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார். பெங்களூரில் முழுச் சீரமைப்பு நடந்தது. இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன. 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டுதான் தொடங்கப்பட்டது.

இதை அதிசயமாகச் சொல்லிச் சிலிர்த்துக்கொள்வது நம் வழக்கம். அதிசயம் ஒண்ணுமில்லை, பின்னணி இருக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்தக் கம்பெனி, 1943 முதல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் பழுதுபார்க்கும் தலமாக இயங்கியது. அமெரிக்க விமானங்களைப் பிரித்து மாட்டுவதில் பெங்களூர்த் தொழிலாளிகளின் கை ஏற்கெனவே தேறியிருந்தது. போர் ஒரு காலனி நாட்டுக்கு விட்டுச்சென்ற அறிவு வரைபடங்களில் இல்லை, ரிவெட் அடிக்கிற கைகளில் இருந்தது. இந்த வகை அறிவுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஏடு எழுதியவனுக்காவது சில சமயம் கடைசி ஓலையில் தன் பெயரையும் ஊரையும் எழுதிவைக்கிற வசதி இருந்தது.

சரி, மூன்று விமானத்தின் உறுப்புகளால் ஆன ஒரு விமானத்தில் அசல் எது? ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை இட்ட எண் ஒன்று, பிரிட்டிஷ் எண் ஒன்று, இந்திய எண் ஒன்று. மூலபாடம் என்று கையைக் காட்ட முடியாத நிலை. பதிப்பாசிரியனுக்குப் பழகிய நிலைதான் இது. அருங்காட்சியகத்துக்கோ இது பெரிய சங்கடம். காட்சிப் பலகையில் ஒரு பெயர்தானே எழுத முடியும்.

1968 கடைசியில் இந்திய விமானப் படை இவற்றுக்கு ஓய்வு கொடுத்தது. உலகில் ராணுவ சேவையில் மிஞ்சியிருந்த கடைசி லிபரேட்டர்கள் இவையே. உடனே மேற்கு விழித்துக்கொண்டது. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்துவிட்டு ஒரு லிபரேட்டரை வாங்கிப்போயிற்று. அது ஆட்டவாவில் இருக்கிறது, அந்த லைசாண்டர் தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்று 1969இல் அரிசோனாவின் பிமா அருங்காட்சியகத்துக்குப் பறந்துபோனது. ஆயிரக்கணக்கான லிபரேட்டர்களை உருக்கிய அதே அரிசோனா! 1974இல் இன்னொன்று பிரிட்டனுக்குப் பரிசாகப் போனது. எண் எச்இ 807, பிரிட்டிஷ் சேவையில் கேஎன் 751. அது இன்று லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆக, உடைத்துப் போட்டுப் போனவர்கள் கால் நூற்றாண்டு கழித்து, உடைக்கப்பட்டதைத் தங்கள் நினைவுச் சின்னமாக எடுத்துக்கொண்டு போனார்கள். நாமும் சந்தோஷமாகத்தான் கொடுத்தோம்.

போன இடத்தில் முதல் வேலை, சாயம் மாற்றுவது. பிமாவில் இருப்பது, இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிமேல் குண்டு வீசிய ஓர் அமெரிக்க விமானத்தின் வேஷத்தில் நிற்கிறது. அந்த உடல் அந்தப் பிரிவில் ஒருநாள்கூடப் பறந்ததில்லை. 1980களில் இந்தியாவிலிருந்து வாங்கப்பட்டு அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் சேர்ந்த இன்னொன்று, 1989இல் மறுபடி பறந்தபோது 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1998இல் 'டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்', 2005இல் 'விட்ச்கிராஃப்ட்'. ஒரே உடம்பு, மூன்று பெயர், மூன்றும் வேறு விமானங்களின் பெயர். இது உண்மையில் கிழக்கே வேலை செய்த பிரிட்டிஷ் விமானம், பிறகு இந்திய விமானம். ஹெண்டனில் இருப்பதாவது தன் பழைய பிரிட்டிஷ் அடையாளத்தைத்தான் பூண்டிருக்கிறது. அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் அதன் இந்தியச் சேவையும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பார்வையாளன் பதிவேட்டைப் படிப்பதில்லை, சாயத்தைப் பார்க்கிறான்.

பதிப்பு மொழியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இருபதாண்டு இந்திய வாழ்வை 'இடைச்செருகல்' என்று முடிவுசெய்து நீக்கிவிட்டார்கள். விநோதம் என்னவென்றால், இந்த இடைச்செருகல் இல்லாவிட்டால் பாடமே இல்லை. கான்பூரில் அப்படியே விட்டிருந்தால் அலுமினியப் பாத்திரமாக எந்த வீட்டுச் சமையலறைக்கோ போயிருக்கும்.

எதையுமே திருத்தாமல் வைக்க மேற்கத்திய அருங்காட்சியகத்துக்குத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். அதே ஹெண்டனில் ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானம் கிடக்கிறது. 1942 ஏப்ரலில் நார்வேயில் சுடப்பட்டு, உறைந்த ஏரியில் இறங்கி மூழ்கி, 1973இல் வெளியே எடுக்கப்பட்டது. பெரும்பாலும் கிடைத்த கோலத்திலேயே, துருவும் கிழிசலுமாக வைத்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றில் சிதைந்துபோன இடங்களைத் தான் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டாரே, அந்த நேர்மை அதில் இருக்கிறது. தங்கள் போரின் காயத்துக்குப் புள்ளி. மற்றவன் போட்ட தையலுக்குச் சாயம். அழகியல் என்கிற பெயரில் இங்கே நடப்பது அதிகாரம்.

பெயரின் பகடிக்கு வருகிறேன். லிபரேட்டர் நமக்கு அந்நிய வஸ்து அல்ல. 1944இல் பிரிட்டிஷ் விமானப் படையின் 200ஆம் ஸ்குவாட்ரன் பரங்கிமலையிலிருந்து இவற்றை ஓட்டியது. 160ஆம் ஸ்குவாட்ரன் காங்கேசன்துறையிலிருந்து ஓட்டியது. வங்காளத் தளங்களிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள் சயாம்-பர்மா ரயில் பாதையின் பாலங்களைத் தாக்கின. அந்தப் பாதையைப் போடத்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். குண்டுகள் பாலத்தில் மட்டுமா விழுந்தன? முகாம்களிலும் விழுந்தன, கைதிகள் செத்தார்கள். மேலே பறந்தவனின் பெயர் விமானத்தின் மூக்கில் எழுதப்படுகிறது. கீழே இருந்தவனுக்குப் பெயர்ப் பட்டியலே முழுதாக இல்லை. 1995இல் வாஷிங்டனில் ஹிரோஷிமா விமானம் எனோலா கேயைக் குண்டின் விளைவுகளோடு சேர்த்துக் காட்ட முயன்று, முன்னாள் ராணுவத்தினரின் எதிர்ப்பில் அந்தக் கண்காட்சி கைவிடப்பட்டது, இயக்குநரும் பதவி விலகினார். விமானத்தைக் காட்டலாம், அது எதற்குப் பயன்பட்டது என்பதைக் காட்டக் கூடாது என்பதே அங்கே வந்த தீர்ப்பு.

இதையெல்லாம் மேற்கின் குற்றப்பத்திரிகையாக மட்டும் வாசித்தால் நமக்கு வசதி. நம் பக்கம் என்ன நடக்கிறது? பாலத்தில் ஒரு லிபரேட்டர் இந்திய வண்ணத்தோடு இருக்கிறது, நல்லது. 2001இல் பெங்களூரில் திறக்கப்பட்ட எச்ஏஎல் அருங்காட்சியகம் சொல்லும் கதையில், நான் பார்த்தவரை, தேசம் தானே படைத்த விமானங்களுக்குத்தான் மரியாதை. 1951 ஆகஸ்டில் முதன்முதல் பறந்த எச்டி-2 அங்கே தாய்ப்பாடம். அதை முதலில் பறக்கவிட்டவரும் அதே முன்ஷிதான். படைத்தது வரலாறு, பழுதுபார்த்தது வெறும் வேலை. ஆக்கியோன் பெயர் கேட்கிற தேசியப் பெருங்கதையாடலும், சாயம் மாற்றுகிற மேற்கின் நினைவேக்கமும் ஓரிடத்தில் கைகோக்கின்றன: இரண்டுக்கும் பட்டறைத் தொழிலாளி வேண்டாதவன்.

வெளியில் நிறுத்திவைக்கும் விமானங்களின் கதி தனி. கல்லூரி வாசலிலும் பூங்காவிலும் கம்பத்தின்மேல் ஏற்றிய ஜெட்களைப் பார்த்திருப்பீர்கள். தகடுகள் சேரும் இடுக்கில் மழைத்தண்ணீர் தங்கும். கடலோரமென்றால் உப்பும் சேரும். அலுமினியக் கலவை உள்ளிருந்து உப்பி, ஏடு ஏடாகப் பிரியும். சாயத்துக்கு அடியில் நடப்பதால் வெளியே தெரியாது. விழா வந்தால் மேலே இன்னொரு கோட் பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்டுக்கு அடியில் பழைய எண், பழுதுபார்த்தவன் இட்ட குறி எல்லாம் போய்ச் சேரும்.

வேறு வழி இல்லாமலில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் தீட்டியிருந்தார்கள். தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சுரண்டி எறியவில்லை. நாயக்கர் ஓவியத்தைப் பெயர்த்தெடுத்துத் தனியே பொருத்திக் காட்சிக்கு வைத்தார்கள், அடியிலிருந்த சோழரும் வெளியே வந்தார். விமானத்திலும் ஒரு பக்கத்தில் ஒரு முழம் அளவுக்கு அடுக்குகளைத் திறந்து காட்ட முடியும். எந்த இறக்கை எந்த உடலிலிருந்து வந்தது, எந்தத் தகடு பெங்களூரில் வெட்டியது என்று பாடபேதக் குறிப்புபோல எழுதி வைக்க முடியும். அதற்குப் பட்டறையின் வேலைக் குறிப்பேடுகள் வேண்டும், வேலை செய்தவர்களின் வாய்மொழி வேண்டும். 1948இல் இருபது வயதில் கான்பூர்க் குவியலுக்குள் இறங்கிய ஒருவர் உயிரோடிருந்தால், இன்று தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருப்பார்.