குன்னூர் ஆராய்ச்சியும் குடலின் காவலும்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிக் குன்னூர் செல்வோர் வழியிலுள்ள பாலங்களையும் பள்ளத்தாக்குகளையும் கண்டு மகிழ்வர். ஊரை அடைந்தபின் சிம்ஸ் பூங்காவில் மலர்களைப் பார்த்துத் திரும்புவர். பூங்காவின் அருகே நிற்கும் பாஸ்டர் நிலையத்தை நின்று நோக்குவோர் சிலரே. வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்வதற்காக 1907ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நிலையம் அது. நீலகிரி 1868 வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆதலின், அங்கு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் கொங்கு நாட்டு மாணவர் தம் வீட்டு வரலாறாகக் கருதுவதில் தவறில்லை.

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் இராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர். வைட்டமின் என்ற சொல் 1912இல் பிறந்தது. அப்பொருள் யாது என்று எவரும் பிரித்துக் காணாத காலம் அது. தீட்டிய அரிசியையே உண்டவர்க்குப் 'பெரிபெரி' நோய் வருகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. மக்காரிசன் வேறொரு வினாவை எழுப்பினார். உணவின் குறை நரம்பையும் இதயத்தையும் மட்டுமா தாக்குகிறது? அவ்வுணவு முதலில் சென்று தங்கும் குடலுக்கு என்ன நேர்கிறது?

குரங்குகள் சிலவற்றைப் பிடித்து, உயர்ந்த வெப்பத்தில் ஆவியால் வேகவைத்துச் சத்தழித்த அரிசியை உணவாகக் கொடுத்தார். வேறு சில குரங்குகளுக்கு நல்ல உணவு அளித்தார். குறையுணவு உண்டவை மெலிந்தன. அவற்றுள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கும் சீதபேதியும் கண்டன. அவை இறந்தபின் குடலை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உட்சுவர் வெந்து சிவந்தும், இடையிடையே தேய்ந்தும் இருந்தது. சுவருக்குள்ளே பாக்டீரியாக்கள் நுழைந்திருந்தன. நல்லுணவு உண்ட குரங்குகள் பெரும்பாலும் நலமாயிருந்தன. 1919இலும் அதனை அடுத்தும் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். 1921இல் அவை நூலாகவும் வந்தன.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து எண்ண வேண்டும். கிருமி வந்தால் நோய் வரும் என்பதே அன்றைய மருத்துவத்தின் பேச்சாக இருந்தது. வாசலில் பகைவன் நிற்பது போதாது, மதிலும் இடிந்திருக்க வேண்டும் என்று குன்னூர்க் குரங்குகள் காட்டின. எனினும் மக்காரிசன் பகைவனையும் மதிலையும் கண்டாரேயன்றி, மதிலின் உட்புறத்தில் குடியிருந்த கோடிக்கணக்கான நட்புயிர்களை அவ்வளவாகக் கருதவில்லை. அதற்காக அவரைக் குறைகூற இயலாது. அவற்றுள் பெரும்பாலானவற்றை வளர்த்துப் பார்க்கும் வழி அன்று இல்லை.

அவற்றைப் பற்றிப் பேசியவர் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் இருந்த ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். உடலின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டறிந்தமைக்காக 1908இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. பல்கேரியக் குடியானவர் நெடுங்காலம் வாழ்வது அவர்கள் உண்ணும் புளித்த பாலின் பயன் என்று, குன்னூர் நிலையம் திறந்த அதே 1907இல் அவர் எழுதினார். தயிர் உண்டால் நூறாண்டு வாழலாம் என்ற ஆரவாரம் ஐரோப்பா எங்கும் எழுந்தது. நம் பாட்டிமார் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்! அந்தப் பல்கேரியப் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஆனால், நுண்ணுயிரைக் கொண்டே நுண்ணுயிரைத் தடுக்கலாம் என்ற கருத்து மட்டும் அழியாமல் நின்றது.

அக்கருத்துக்கு உரிய சான்று 1954 முதல் கிடைக்கலாயிற்று. எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்து அவற்றின் குடலில் வாழும் பாக்டீரியாக்களை அழித்தனர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர். முன்பு ஓர் எலிக்கு நோயுண்டாக்கச் சுமார் ஒரு லட்சம் சால்மொனெல்லாக் கிருமிகள் வேண்டியிருந்தன. மருந்துக்குப்பின் பத்துக்கும் குறைவானவையே போதுமானவையாயின. ஊரார் குடிபெயர்ந்த ஊரில் கள்வனுக்கு என்ன தடை?

அந்நட்புயிர்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதால் மட்டும் பகைவன் தடுக்கப்படுகிறான் என்று எண்ணலாகாது. குடலின் உட்சுவர் ஒரேயோர் அணு அளவு தடிப்புள்ளது. அதன் கீழே பாதுகாப்பு அணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தங்கியிருக்கின்றன. அக்கூட்டங்களைப் பெயர் என்னும் சுவிஸ் மருத்துவர் 1677ஆம் ஆண்டிலேயே வருணித்துள்ளார். அங்குள்ள சில அணுக்கள் தம் கிளைகளைச் சுவரின் இடுக்கு வழியே நீட்டிக் குடலில் இருப்பவற்றைத் தொட்டறிகின்றன. அவை கொண்டுவரும் செய்தியைப் பெற்றே பிற அணுக்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. எதனை எதிர்ப்பது, எதனைப் பொறுத்துக்கொள்வது என்ற பாடத்தை இவ்வணுக்களுக்குக் கற்பிப்பதில் நட்புயிர்களுக்குப் பெரும் பங்குண்டு. கிருமியற்ற கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளில் இப்பாதுகாப்புக் கூட்டங்கள் வளர்ச்சி குன்றியே காணப்படுகின்றன. நட்புயிர்கள் சுரக்கும் அமிலங்களும் சுவரைக் காக்கின்றன. பிஃபிடோ பாக்டீரியாக்கள் சில உண்டாக்கும் அசிட்டேட், கொடிய ஈ.கோலையின் நஞ்சு எலியின் இரத்தத்தில் கலவாமல் தடுத்ததை ஜப்பானிய அறிஞர் 2011இல் நிறுவினர்.

இனிக் கோவைக்கு வருவோம். இங்குள்ள வேளாண் கல்லூரிப் பண்ணையில் 1909இல் நிலையான எருச் சோதனைப் பாத்திகள் அமைக்கப்பெற்றன. அரசாங்க வேளாண் இரசாயனராக இருந்த பி. விசுவநாத், மக்காரிசனுடன் சேர்ந்து, மாட்டெருவிட்ட சிறுதானியத்தையும் இரசாயன உரமிட்டதையும் விலங்குகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். மாட்டெருத் தானியமே ஊட்டத்தில் மேம்பட்டது என்று 1926இல் இருவரும் எழுதினர். பிற்காலத்தார் அனைவரும் இதனை ஒப்பவில்லை. ஆயினும் மண், தானியம், குடல், நோய் என்ற நான்கினையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்த அத்துணிவு பாராட்டுக்குரியது. விசுவநாத் பின்னர் டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக உயர்ந்தார். மக்காரிசன் தோற்றுவித்த உணவு ஆராய்ச்சிக்கூடமும் 1958இல் குன்னூரைவிட்டு ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது.

இவ்வரலாற்றின் அடுத்த ஏடு வேலூரில் எழுதப்பட்டது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரசுக்கு வாய்வழிச் சொட்டு மருந்து உண்டு. செல்வ நாடுகளில் நன்கு பயன் தரும் அம்மருந்து நம் நாட்டுக் குழந்தைகளிடம் குறைவாகவே பலிக்கிறது. குடலின் நிலையே இதற்குக் காரணமாயின், நட்பு பாக்டீரியாவைக் கொடுத்து அந்நிலையைச் சீராக்கலாமா? வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 620 பச்சிளங் குழந்தைகளை நான்கு பிரிவாக்கி, ஒரு வகை லாக்டோபாசில்லசையும் துத்தநாகத்தையும் கொடுத்துச் சோதித்தனர். 2018இல் வெளியான முடிவு அடக்கமானது: இரண்டும் பெற்ற பிரிவில் எதிர்ப்புச் சக்தி சற்றே கூடியது போலத் தோன்றிற்று, ஐயமற உறுதி சொல்லும் அளவுக்குக் கூடவில்லை.

ஒடிசாவிலோ வேறு கதை. அங்குக் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கி ஒரு வாரம் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியாவை, அதற்கு உணவான ஒருவகைச் சர்க்கரையுடன் கொடுத்தனர். இரத்தத்தில் நச்சேறும் நோயும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்றிருந்தது 5.4 ஆகக் குறைந்தது. மறு ஆண்டே, அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு வேறு லாக்டோபாசில்லஸ்கள் அடங்கிய மருந்துகளைக் கொடுத்த இரு பெருஞ்சோதனைகள் பயன் ஏதும் காணாமல் முடிந்தன.

ஆகவே, 'நல்ல பாக்டீரியா' என்று பொதுப்படச் சொல்வது போதாது. எந்த இனம், எந்த வயது, எந்த நோய், வருமுன்னா வந்தபின்னா என்று கேட்டறிதல் வேண்டும். கொங்கு நாட்டுக் கம்பங்கூழும் மோரும் பழைய சோற்று நீரும் பாக்டீரியாக்கள் நிறைந்தவைதாம். எனினும் ஒரு வீட்டுப் பானையில் வாழும் இனமே அடுத்த வீட்டுப் பானையிலும் வாழும் என்று சொல்ல இயலாது. கோடையில் உள்ளதே கார்த்திகையிலும் இருக்கும் என்று சொல்லவும் இயலாது. அவற்றுள் எது குடற்சுவரின் அணுக்களோடு பேசுகிறது என்று காண்பதற்கு, மக்காரிசன் குரங்குகளோடு கழித்ததைப் போன்று பல ஆண்டுகள் ஒருவர் பானைகளோடு கழிக்க வேண்டியிருக்கும்.