கற்பூரத்துக்கு அப்பா ஹைட்ரோகார்பன்

எங்க திருவண்ணாமலையில கிரிவலம் வர்றவங்க கொளுத்துற கற்பூரம் எங்கேர்ந்து வருது? ஒரு காலத்துல ஃபார்மோசா காட்டுல கற்பூர மரத்தை வெட்டி, சீவி, ஆவியில வடிச்சாங்க. 1895-ல் தீவைப் பிடித்த ஜப்பான், 1899-ல் கற்பூரத்தை அரசு ஏகபோகமாக்கியது. சினிமா ஃபிலிமுக்கான செல்லுலாய்டுக்கும் அதுதான் வேணும். விலை ஏறாம என்ன செய்யும்?

ஜெர்மன்காரங்க பைன் மரத்து டர்பன்டைன் பக்கம் திரும்பினாங்க. அதிலுள்ள பைனீன் அசல் ஹைட்ரோகார்பன்: 10 கார்பன், 16 ஹைட்ரஜன். சுமார் 156 டிகிரியில் கொதிக்கும் திரவம். சில படிகள் தாண்டி ஒரே ஒரு ஆக்ஸிஜன் சேர்ந்ததும், திறந்து வச்சாலே காத்தோட போயிடுற வெள்ளைக்கட்டி! இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியில இதைச் சொல்லியிருந்தா தூங்கியிருக்க மாட்டேன் :)

கார்பன் அதிகம், அதான் அவ்வளவு கரும்புகை. நம்ம கடைகள்ல இப்ப விக்கிறது பெரும்பாலும் இந்த டர்பன்டைன் வாரிசுதான்.