ராயப்பர் கேட்ட கணக்கும் ஒப்புரவு என்ற சொல்லும்

வடசென்னையின் மாத்தூர், மணலிப் பக்கம் ‘ஒப்பு’ என்ற வேரில் பிறந்து அன்றாடம் காதில் விழும் சொல் ஒப்பந்தம். ஆலை வாசலில் ‘நீ பர்மனன்ட்டா, ஒப்பந்தமா?’ என்பதுதான் முதல் விசாரிப்பு. அதே வேரில் பிறந்த ஒப்புரவைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும். தெருவில் சண்டை தீர்ந்தால் ‘ராசியாயிட்டாங்க’ என்பார்கள். அந்த ராசி, ராஜி என்ற உருதுச் சொல்.

வள்ளுவரின் குறளில் 22ஆம் அதிகாரத்துக்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயர். அதில் பகைவனும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பொறுப்பதற்குப் பொறையுடைமை, தீங்கு செய்தவனுக்கும் நன்மை செய்வதற்கு இன்னாசெய்யாமை எனத் தனி அதிகாரங்கள் வைத்துவிட்டார். ஒப்புரவு அவருக்கு உலகத்தோடு ஒத்து நடந்து, தன்னிடம் உள்ளதை ஊருணிபோல் ஊருக்கு ஆக்குவது.

அதை மனத்தாங்கல் தீர்க்கும் சொல்லாக்கியது கிறித்தவத் தமிழ். ஹென்றி பவர் குழு 1871இல் முடித்த தமிழ் விவிலியத்தில், மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு முதலில் ‘ஒப்புரவாக’ வேண்டும் என வருகிறது. அதே அதிகாரத்தின் கடைசியில்தான் பகைவரை நேசிக்கச் சொல்கிறார் இயேசு. அதற்கு அவர் காட்டும் சாட்சி, நல்லவன் கெட்டவன் பாராமல் பெய்யும் மழை. வள்ளுவரின் ஒப்புரவறிதல் தொடங்குவதும் கைம்மாறு கேளாத மழையில்! மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணியா அச்சொல்லை எடுத்தார்கள்? தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும் அழகான தற்செயல்.

எத்தனை முறை மன்னிப்பது, ஏழு போதுமா என்று இயேசுவிடம் கேட்டவர் சீடர் பேதுரு. எழுபது முறை ஏழு என்பது பதில். கத்தோலிக்கரின் பழைய வழக்கில் பேதுருதான் ராயப்பர். ராயபுரம் அவர் பெயரில் எழுந்த ஊர்.

கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு ‘ஒப்புரவு அருட்சாதனம்’ ஆயிற்று. பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான். எனக்குப் புதியதே பிடிக்கிறது. பழையது பாவத்தைச் சொல்வதோடு நிற்கிறது. புதியதற்கு எதிரே இன்னொருவர் வேண்டும். அப்படி இருவர் எதிரெதிரே நின்ற நிகழ்வு ஒன்று உண்டு.

1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் ஓடும் பேருந்தை நிறுத்தி, கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியாவைக் குத்திக் கொன்றார் சமந்தர் சிங். 2002இல் ராணி மரியாவின் தங்கை, அதே சபைக் கன்னியாஸ்திரியான செல்மி பால், சிறைக்குப் போய்ச் சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். அவரை விடுவிக்கக் குடும்பமே கருணை மனுவில் கையெழுத்திட்டது. 2006இல் வெளியே வந்தார். பின்னர் கேரளத்தின் புல்லுவழியிலுள்ள ராணி மரியாவின் வீட்டுக்கே போனார். தாய் அவரை ஏற்றுக்கொண்டார்.

மன்னிப்பைச் செல்மி ஒருவரே கொடுத்திருக்க முடியும். புல்லுவழியில் நடந்ததற்குச் சமந்தர் சிங்கும் வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்குத் தமிழில் ஒப்புரவைவிடப் பொருத்தமான சொல் இல்லை.