வசந்தகாலப் பிறப்புக் கற்களும் கல்முனைக் கரையோர அணிகலன் மரபும்

மனிதன் கல்லை அணியத் தொடங்கிய காலந்தொட்டே அதற்குப் பொருள் கற்பிக்கவும் தொடங்கிவிட்டான். கல்லின் நிறம், திண்மை, ஒளி ஆகியவை இயற்கை தந்தவை. அதனால் விளையும் எனப்படும் நன்மை தீமைகளோ சமூகம் தந்தவை. முன்னையவை எவ்விடத்தும் மாறா. பின்னையவை நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடும். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு 'பிறந்த மாதத்துக்கு ஒரு கல்' என்னும் இன்றைய வழக்கம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மேல்நாட்டார் வசந்தகாலம் எனக் கொள்ளும் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மாதங்களுக்கு முறையே அக்குவாமரின், வைரம், மரகதம் என்பன உரியவை என்பது அவ்வழக்கம். கடல்நீரின் நிறமுடைய அக்குவாமரின் துணிவையும் மன அமைதியையும், வைரம் உறுதியையும் மாறா அன்பையும், மரகதம் புதுத்தளிர் போன்ற வளத்தையும் குறிக்கும் என்பர். இக்கருத்து எவ்வாறு தோன்றியது என்பதையும், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் அணிகலன் மரபுடன் அது எத்துணைப் பொருந்தும் என்பதையும் நோக்குதல் பயனுடைத்து.

மாதக் கற்களின் மூலத்தைத் தேடுவோர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் கூறப்படும் ஆரோனின் மார்புப் பதக்கத்தைச் சுட்டுவர். அதில் பதிக்கப்பட்ட பன்னிரு கற்கள் இஸ்ரவேலரின் பன்னிரு கோத்திரங்களைக் குறித்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் அக்கற்களைப் பன்னிரு மாதங்களோடு தொடர்புபடுத்தினார். எனினும், பிறந்த மாதத்துக்குரிய ஒரே கல்லை அணியும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டளவிலே போலந்துப் பகுதியிற் பரவியதென்பர். இன்று உலகெங்கும் வழங்கும் பட்டியலோ இன்னும் பிந்தியது. அதனை 1912இல் அமெரிக்க நகைவணிகர் சங்கம் ஒழுங்குபடுத்தியது. அப்பட்டியலில் மார்ச் மாதத்துக்கு இரத்தக்கல் எனப்படும் செம்புள்ளிப் பச்சைக்கல்லே முதலிடம் பெற்றது. அக்குவாமரின் மாற்றுக் கல்லாகவே இருந்தது. 1952இல் அந்நாட்டு நகைத்தொழிற் சபை இவ்விரண்டின் இடங்களையும் மாற்றியது. மார்ச் மாதத்திற் பிறந்தவரின் இயல்பு அவ்வாண்டில் மாறிவிடவில்லை. மாறியது வணிகரின் தேர்வேயாகும். தொன்மையான நம்பிக்கை எனக் கருதப்படும் ஒன்றின் பெரும்பகுதி அண்மைக்கால வணிக ஏற்பாடு என்பதை இது புலப்படுத்துகின்றது.

தமிழர் அறிந்திருந்த மரபு வேறு. இந்திய மரபில் ஒன்பது மணிகள் ஒன்பது கோள்களுக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டன. மரகதம் புதனுக்கும், வைரம் வெள்ளிக்கும், வைடூரியம் கேதுவுக்கும் உரியவை. இங்கே கல்லைத் தீர்மானிப்பது மாதமன்று. பிறந்த வேளையிலுள்ள கோள்நிலையே. ஒரே மாதத்திற் பிறந்த இருவருக்கு வெவ்வேறு கற்கள் விதிக்கப்படலாம். எனவே மாதக் கல்லை நவமணி மரபின் தொடர்ச்சியெனக் கூறுதல் பொருந்தாது.

தமிழ் மரபில் மணிகளின் 'பலன்' மட்டுமே பேசப்பட்டது என எண்ணுவதும் தவறு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்குமிடத்து வைரத்தின் குற்றங்களையும் மரகதத்தின் குற்றங்களையும் பிரித்துக் காட்டுகின்றது. புள்ளி, கீற்று, காக்கையின் காலடி போன்ற உட்பிளவு முதலியன இல்லாத கல்லே நற்கல் என்னும் தெளிவு அங்கு காணப்படுகின்றது. இது சோதிடனின் நோக்கன்று, கல்லைச் சோதிக்கும் வணிகனின் நோக்காகும்.

வசந்தகாலத்து மூன்று கற்களுள் முதலாவது தமிழ் நிலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அக்குவாமரின் பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. அதிலுள்ள சிறிதளவு இரும்பே நீலப்பச்சை நிறத்தைத் தருகின்றது. கொங்கு நாட்டுப் படியூர் பண்டைக் காலத்தில் இக்கல்லுக்குப் பேர்பெற்ற இடம். அதன் அயலிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் மணிகளைப் பட்டைதீட்டிய தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. பெரில் இந்தியாவிலேயே விளைவது, பிற இடங்களில் அரிது என்று உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலே எழுதினார். 'பெரில்' என்னும் கிரேக்க வழிச் சொல்லே பிராகிருதத்து 'வேளுரிய' என்பதிலிருந்து பிறந்தது என்பர் மொழியியலாளர். வைடூரியம் என்னும் சொல்லும் அதே அடியினது. தொடக்கத்திற் பெரிலைக் குறித்ததாகக் கருதப்படும் அச்சொல், பிற்காலத்தில் இலங்கையிற் சிறப்பாகக் கிடைக்கும் பூனைக்கண் கல்லுக்குப் பெயராயிற்று. சொல்லின் பொருளே இவ்வாறு இடம்மாறுமாயின், கல்லின்மேல் ஏற்றப்பட்ட 'பலன்' இடம்மாறுவது வியப்பன்று.

இரண்டாவதான வைரம் தூய கரியினால் ஆயது. இயற்கைக் கனிமங்களுள் அதுவே மிகத் திண்மையானது. வேறெந்தக் கனிமமும் அதனைக் கீறமாட்டாது. எனினும் குறித்த தளத்தில் அடிபடின் அது பிளக்கும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும்வரை உலகச் சந்தைக்கு முதன்மையான மூலம் இந்தியாவே. இலங்கையில் வைரம் விளைவதில்லை. 'மாத்தறை வைரம்' எனப் பெயர்பெற்றது நிறமற்ற சிர்க்கோன் கல்லாகும். அது ஒளியில் வைரத்தை ஒக்கும். ஆயின் அதன் விளிம்புகள் காலப்போக்கில் தேயும். உருப்பெருக்குக் கண்ணாடியால் மேற்பரப்பினூடே நோக்கின் பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தோன்றும். வைரத்தில் அவ்வாறு தோன்றுவதில்லை.

மூன்றாவதான மரகதமும் பெரில் இனத்தைச் சேர்ந்ததே. குரோமியம் அல்லது வனேடியம் என்னும் தாதின் கலப்பே அதன் பச்சை நிறத்துக்குக் காரணம். பண்டையோர் அதனை எகிப்திலிருந்து பெற்றனர். 16ஆம் நூற்றாண்டின் பின்னர் கொலம்பியாவின் மரகதங்கள் உலகச் சந்தைக்கு வந்தன. மரகதத்தில் உட்கீறல்கள் இயல்பாகவே மிகுதி. அவற்றை எண்ணெயூட்டி மறைப்பது நெடுங்கால வணிக வழக்கம். எனவே கீறலே இல்லாத பெரிய மரகதம் மலிவாகக் கிடைக்குமாயின் மகிழ்ச்சியைவிட ஐயமே தக்கது.

மரகதம் பற்றிய நம்பிக்கையொன்றை முஸ்லிம் அறிஞர் ஒருவர் சோதித்த செய்தி ஈண்டு நினைவுகூரத்தக்கது. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண்கள் உருகிவிடும் என்பது பண்டு பரவலாக வழங்கிய கருத்து. 973இற் பிறந்த அல்பிரூனி, மணிகள் பற்றிய தமது நூலில் இதனை ஆராய்ந்தார். பாம்பொன்றின் கழுத்தில் மரகத மாலையை இட்டும், அதன் கண்முன் மரகதங்களை அசைத்தும் ஒன்பது மாதங்கள் வெப்பத்திலும் குளிரிலும் சோதித்தார். அதன் கண்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை என எழுதிவைத்தார். கல்லின் அழகையும் விலையையும் மிக நுணுக்கமாக விரித்துரைத்த அதே நூலில், கல்லின் ஆற்றல் பற்றிய கூற்றை அவர் சோதனைக்கு உட்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

கிழக்கிலங்கையின் கரையோரத்துக்கு இக்கற்கள் எவ்வகையில் உரியன? 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. 'கல்முனை' என்னும் பெயரிலே கல் இருப்பினும் நிலத்தில் மணிக்கல் இல்லை. இலங்கையின் இரத்தினக் கற்கள் பெரும்பாலும் மத்திய மேட்டுநிலப் பாறைத் தொகுதியிலிருந்து சிதைந்து, 'இல்லம்' எனப்படும் சரளைப் படையிலே தங்கியவை. கிழக்குக் கரையோ விஜயன் தொகுதி எனப்படும் வேறொரு பாறை அடித்தளத்தின் மீது அமைந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இத்தீவின் பெண்கள் பலநிற மாணிக்கங்களை அணிந்ததாகக் குறிப்பிட்டார். பிற்காலத்தில் பேருவளை, காலி, கொழும்பு முதலிய மேற்கு, தெற்குப் பகுதி முஸ்லிம்கள் மணிவணிகத்திற் சிறந்தனர். கிழக்கு முஸ்லிம்களுட் பெரும்பாலோர் வயலையும் கடலையும் தறியையும் நம்பி வாழ்ந்தனர். ஒரே சமயத்தவரிடையேயும் கல்லுடனான உறவு இவ்வாறு இருவேறாக அமைந்தது.

வசந்தம் என்பதும் இக்கரையில் வேறு பொருளுடையது. இங்கே பனி உருகித் தளிர் விடும் பருவம் இல்லை. வாடைக்காற்றின் மழையால் விளையும் பெரும்போகம் மாசி, பங்குனியை அண்டி அறுவடையாகின்றது. மேல்நாட்டில் விதைக்கும் காலம் இங்கே களஞ்சியம் நிறையும் காலம். இஸ்லாமிய ஆண்டிலோ வசந்தத்தின் பெயர் மட்டும் உண்டு, பருவம் இல்லை. நபிகள் நாயகம் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தின் பெயர் 'முதல் வசந்தம்' எனப் பொருள்படும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவிற் குறைந்ததாதலால், அம்மாதம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகின்றது. எனவே மாதத்தையும் பருவத்தையும் கல்லையும் ஒன்றாகப் பிணைக்கும் பட்டியல் இச்சமூகத்தின் காலக்கணக்கில் நிலைகொள்ள இயலாது.

அவ்வாறாயின் இக்கரையின் அணிகலன் எதனைக் குறித்தது? விடையை இங்குள்ள குடிமுறையிலே தேடவேண்டும். இப்பகுதித் தமிழரைப் போலவே முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடியைக் கணிப்பவர்கள். மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வந்து வாழ்வது வழக்கம். வீடும் நகையும் பெண்ணுக்குச் சீதனமாகச் சேரும். அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். மணமகன் அளிக்கும் மஹரும் அவளுக்கே உரியது. பெண்வீட்டார் மணமகனுக்கு வழங்கும் கைக்கூலியையும் மனைவி மீளக் கோரலாம் என்பதை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய சமூகத்தில் நகை அழகுக்காக மட்டும் அமைவதன்று. அது பெண்ணின் வைப்பு. விளைச்சல் பொய்த்தாலும், நோய் வந்தாலும், மகளின் மணம் நெருங்கினாலும் அதுவே முதலில் ஈடு வைக்கப்படும். அவ்வேளையிற் பொன்னின் நிறையே கணக்கிடப்படும். பதித்த கல்லின் நிறை கழிக்கப்படும். மாதக் கல் என்றும் அதிர்ட்டக் கல் என்றும் கூறி வாங்கப்பட்டதன் விலையிற் பெரும்பங்கு அன்று திரும்பி வராது. நகையைப் பவுண் கணக்கில் எண்ணும் இக்கரைப் பெண்களின் வழக்கம், கலைச்சுவையின் குறைவென எவரேனும் கருதின் அது பிழையாகும். அவ்வெண்ணிக்கையில் வாழ்க்கையறிவு இருந்தது.

ஆண்களின் நிலை வேறு. இஸ்லாம் ஆண்களுக்குப் பொன்னை விலக்கி வெள்ளி மோதிரத்தை அனுமதித்தது. நபிகள் நாயகம் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்ததாக ஹதீஸ் நூல்கள் குறிக்கின்றன. அதனைப் பின்பற்றி அகீக் முதலிய கற்களை அணிவோர் உளர். ஆயினும் நன்மை தீமையைத் தரும் ஆற்றல் கல்லுக்குத் தானாகவே உண்டு எனக் கொள்வதை மார்க்க அறிஞர் ஏற்பதில்லை.

2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இம்மரபின் உட்பொருளைத் துயரத்தோடு உணர்த்தியது. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்களோடும் வீடுகளோடும் பேழைகளில் இருந்த நகைகளும் கடலோடு போயின. பின்னர் கட்டப்பட்ட வீடுகளை, குடும்பத் தலைவன் என்ற முறையிற் கணவனின் பெயருக்கு வழங்க முற்பட்டமை, வீடு பெண்ணுக்குரியது என்னும் இப்பகுதி வழமைக்கு முரணானதை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். நகையை இழந்த பெண் வீட்டுரிமையையும் இழக்கும் நிலை எய்தினாள். ஒரு பொருளுக்கு உரியவர் எக்கண் கொண்டு அதனை நோக்குகின்றனர் என்பதை அறியாது, வெளியிலிருந்து வந்த ஒழுங்கு எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு இது சான்று.

அக்குவாமரின், வைரம், மரகதம் ஆகிய மூன்றும் அழகிய கற்கள். அவற்றை விரும்புவோர் அணிவதில் தவறில்லை. ஆயினும் வாங்குமுன் அறியவேண்டியவை அதன் திண்மை, குற்றம், செயற்கையா இயற்கையா என்னும் வேறுபாடு ஆகியனவே. பொன்னையும் மணியையும் பெண்ணின் பாதுகாப்புக்கு உரிய பொருளாகப் பேணியது கல்முனைக் கரையின் மரபு. அணிகலன்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரின் முடிகளையும் வணிகரின் பட்டியல்களையும் மட்டுமன்றி, இக்கரையோர வீடுகளில் தாய் மகளுக்குக் கொடுத்த நகைப்பேழைகளையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.