முதியோரிடையே புகைப்பழக்கம்: கரிசல் வட்டாரத்தின் சமூக, பொருளாதார வேறுபாடுகள்

அறுபதைத் தாண்டியவர்களில் யார் இன்னும் புகைக்கிறார், யார் விட்டார், யார் தொட்டதே இல்லை என்பது பால், படிப்பு, தொழில், சாதி, வருமானம் ஆகியவற்றுக்கேற்ப மாறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் எப்போதும்வென்றானும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களும் இந்த வேறுபாடுகளைப் புரிந்துகொள்ள ஏற்ற வட்டாரம். இங்கே வெள்ளாமை பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், மல்லி விளையும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆலை, கட்டிட வேலை, சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது என்று பிழைப்பு மாறும். இன்றைய முதியவர்களில் பெரும்பகுதியினர் இப்படிக் கூலிக்கு உழைத்தே மூத்தவர்கள்.

பீடியும் சிகரெட்டும்

கரிசல் கிராமங்களில் வயதான ஆண்கள் புகைப்பது பெரும்பாலும் பீடி. முன்பு சுருட்டும் பரவலாக இருந்தது. உறையூரும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள். இன்றும் சுடலைமாடன், கருப்பசாமி போன்ற காவல் தெய்வங்களின் படையலில் சுருட்டு இடம்பெறுகிறது. மனிதர்களின் அன்றாடப் புழக்கத்தில் அதன் இடத்தைப் பீடி எடுத்துக்கொண்டது.

இந்திய அரசின் வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு (2016–17), 15 வயதுக்கு மேற்பட்டோரில் 7.7 சதவீதத்தினர் பீடியும் 4 சதவீதத்தினர் சிகரெட்டும் புகைப்பதாகக் கண்டது. இரண்டையும் புகைப்போர் ஒரே வகை மக்கள் அல்லர். பள்ளிக்கூடம் போகாதவர்கள், கிராமத்தார், உடலுழைப்பாளர்கள், வறியவர்கள் பீடியின் பக்கம் இருக்கிறார்கள். சிகரெட் நகரத்தையும் படிப்பையும் சம்பளத்தையும் சார்ந்தது. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கும் அதிகமானோரிடம் 2017–18இல் நடத்தப்பட்ட இந்திய முதுமை ஆய்வும் முதியோரிடையே படிப்பு கூடக் கூடப் புகைப்பு குறையும் இதே சரிவைத்தான் காட்டுகிறது.

இந்தச் சரிவுக்குக் காரணத்தை மனிதர்களின் குணத்தில் தேடுவது தவறு. இன்றைய முதியவர்களின் சிறுவயதைப் பார்க்க வேண்டும். காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது பக்கத்திலிருக்கும் எட்டயபுரத்தில்தான். அந்தச் சோற்றை நம்பிப் பள்ளிக்குப் போனவர்களும் உண்டு; மாடு மேய்க்கவும் தீப்பெட்டி ஒட்டவும் பாதியில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. நின்றவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பெரியவர்களோடு வேலைக்குப் போனார்கள். வேலைத்தளத்தில் பசியை அடக்கவும், கொஞ்ச நேரம் உட்காரவும், பக்கத்தில் இருப்பவனோடு பேச்சுக் கொடுக்கவும் கையில் கிடைத்தது பீடி. டீக்கடையில் ஒரு டீக்கும் இரண்டு பீடிக்கும் ஆகும் நேரம்தான் கூலியாளுக்கு வாய்த்த ஓய்வு. படித்து அரசு வேலைக்குப் போனவர் ஐம்பது வயதில் மார்புவலிக்காக மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லிப் பழக்கத்தை விடுகிறார். கூலியாள் மூச்சுவாங்கி வேலைக்குப் போக முடியாத நாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

பீடி ‘நாட்டுச் சரக்கு, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்ற நம்பிக்கை வயதானவர்களிடம் வலுவாக இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் தெண்டு இலையின் ஊடே காற்று எளிதில் புகாது. அடிக்கடி ஆழமாக இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் தாரும் நிகோட்டினும் நுரையீரலுக்குள் அதிகமாகவே இறங்குகின்றன. 2008இல் வெளியான அகில இந்திய இறப்பு ஆய்வு, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் இழப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களில் சிகரெட்டின் இழப்பு கூடுதல் என்றாலும், பீடியின் இழப்பும் சிறியதல்ல.

பெண்கள்

அதே 2016–17 கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்க, பெண்களில் 2 சதவீதம் பேரே புகைத்தார்கள். தமிழ்நாட்டில் புகைக்கும் பெண் மிக அரிது. ஆனால் வயதான பெண்களின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு புகையிலைத் துண்டும் இருக்கும், சிலருக்கு மூக்குப்பொடி. புகைப்பை மட்டும் எண்ணும் கணக்கு இவர்களைப் புகையிலை தொடாதவர்களாகவே காட்டும். வாய்ப்புற்றுநோய் அந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. இன்னொரு பக்கம், தீப்பெட்டித் தொழிலிலும் திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளின் பீடி சுற்றும் தொழிலிலும் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புகைக்காமலேயே புகையிலைத் தூசியை வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தவர்கள் பீடி சுற்றும் பெண்களில் ஏராளம்.

மரியாதையும் சாதியும்

பெரியவர்கள் முன்னால் இளையவர்கள் பீடி குடிப்பதில்லை. எதிரே வந்தால் மறைத்துக்கொள்வார்கள். மூத்த பிறகு அந்தத் தடை விலகுகிறது, திண்ணையில் வெளிப்படையாகப் புகைக்கலாம். வீட்டில் கண்டிக்கும் உரிமை யாருக்கும் இல்லாமல் போவது வயதானவர் பழக்கத்தை விடாததற்கு ஒரு காரணம். இந்த மரியாதைக்குச் சாதி முகமும் இருந்தது. ஆதிக்கச் சாதியினர் முன்னால் பீடி குடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு தலித் மக்கள் மேல் திணிக்கப்பட்ட தீண்டாமை வடிவங்களில் ஒன்று. நாடளவில் பட்டியல் சாதி, பழங்குடி முதியவர்களிடையே புகையிலைப் பயன்பாடு கூடுதலாக இருப்பதற்குப் படிப்பும் நிலமும் மறுக்கப்பட்ட வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு.

உயிரோடு இருப்பவர்களின் கணக்கு

எழுபது வயதுக்கு மேல் புகைப்போர் விகிதம் குறைவாகத் தெரிவது முழு நற்செய்தி அல்ல. சிலர் விட்டிருப்பார்கள். அதிகம் புகைத்த ஏழைகள் பலர் அந்த வயதை எட்டாமலேயே இறந்திருப்பார்கள். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று நிறுவியது. காசநோய் வறுமையின் நோய். புகையும் வறுமையும் சேரும் இடத்தில் இறப்பு மேலும் கூடுகிறது.

விலையும் வரியும்

தமிழக அரசு முதியோர் ஓய்வூதியத்தை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தியது. நாளொன்றுக்கு 20 ரூபாய் பீடிக்குப் போனால் மாதம் 600, ஓய்வூதியத்தில் பாதி. ஆனாலும் சிகரெட்டோடு ஒப்பிடும்போது பீடி மலிவு, அந்த மலிவுதான் ஏழை முதியவரை அதில் கட்டிவைக்கிறது. சரக்கு, சேவை வரி மன்றம் 2025 செப்டம்பரில் பீடி மீதான வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கவும், சிகரெட்டுக்கு 40 சதவீதமாக உயர்த்தவும் முடிவெடுத்தது. பீடித் தொழிலாளரின் பிழைப்பு இந்தச் சலுகைக்குச் சொல்லப்படும் காரணம். அவர்களுக்குத் தேவை நல்ல கூலியும் மாற்றுத்தொழிலும். வரிக் குறைப்பின் விலையை ஏழையின் நுரையீரல் கொடுப்பது நியாயமல்ல.

விடுதல்

இங்கிலாந்து மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின்படி, 60 வயதில் சிகரெட்டை விட்டாலும் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடுகிறது. ‘இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சுக்கு இது போதுமான பதில். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடுதேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே திண்ணையில் ‘பீடி குடிக்கிறீங்களா, தாத்தா?’ என்றும் கேட்டு, விட விரும்புபவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் கரிசல் ஊர்களில் பலன் தெரியும். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் கட்டணமில்லா எண் 1800-11-2356.