எழுதி வைத்தது கணினிதான்

அலுவலகக் கணினிப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே முதல் பழி விசைப்பலகைக்கு அடியில் செருகிய துண்டுச் சீட்டின் மேல்தான் விழும். கடவுச்சொல்லின் வரலாறு அந்தப் பழியை அப்படியே ஏற்கவிடாது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் இயக்கிக் காட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பு, எல்லாருடைய கடவுச்சொற்களையும் ஒரே கோப்பில் மறைப்பின்றி எழுதி வைத்திருந்தது. ஒதுக்கிய கணினி நேரம் போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் 1962இல் அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லித் துளையட்டை ஒன்றைக் கொடுத்தார். அச்சடித்த தாள் கைக்கு வந்தது. 1966இல் நடந்ததற்குத் திருடனே தேவைப்படவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோப்பைத் திருத்த, தற்காலிகப் பிரதிகள் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே வந்து நின்றது. இரண்டு முறையும் கசிந்தது கணினியின் சொந்த ஏடு.

இயந்திரம் விரைவில் தேறிக்கொண்டது. சொல்லை வைக்காமல், அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற, மூலத்துக்குத் திரும்ப முடியாத உருவை மட்டும் வைக்கும் வழியைக் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் கண்டார். யூனிக்ஸ் இயக்க முறைமையும் அவ்வழியே போனது. மனிதருக்கு அந்த வசதி இல்லை, அவர் மூலச் சொல்லையே ஒப்பித்தாக வேண்டும். யூனிக்ஸ் குழுவின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979 கட்டுரைக்காக ஆராய்ந்த 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகக் குட்டையாகவோ அகராதியில் அகப்படுவதாகவோ இருந்தன. சிக்கலாக வை, அடிக்கடி மாற்று, எழுதாதே என்ற விதிகள் இந்தப் பலவீனத்துக்குத்தான் மருந்தாக வந்தன. மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்கச் சாதாரண மனித மூளையால் ஆகாது. சீட்டைப் பிறப்பித்ததில் விதி எழுதியவர்களுக்கும் பங்குண்டு. காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல்தான் எழுதியது.

பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 1997இல் வெளியிட்ட 'பாஸ்வேர்டு சேஃப்' என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருள், இயந்திரத்துக்குக் கிடைத்த அந்த வசதியை மனிதருக்கும் ஓரளவு தந்தது: பட்டியல் இருக்கும், ஆனால் மறையாக்கம் செய்யப்பட்டு, ஒரே ஒரு தலைமைச் சொல்லுக்கு மட்டும் திறக்கும். அதே ஷ்னையர் 2005இல் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாரே என்று கேட்கலாம். சொன்னது சரிதான், தொலைவில் இருக்கும் திருடனுக்குப் பணப்பை எட்டாது. ஆனால் அலுவலகக் கடவுச்சொல் பெரும்பாலும் ஒருவருடைய சொத்தல்ல. பணியை விட்டுப் போனவர் எதைப் பார்த்தார், எதைப் படியெடுத்தார் என்று சீட்டு சொல்லாது. நிறுவனங்களுக்கான பெட்டகங்கள் பலவும் குறித்து வைக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பது ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டகச் சேவையின் வாடிக்கையாளர்களுடைய பெட்டகப் பிரதிகளே களவு போயின. அவற்றில் இணைய முகவரிகள் மறையாக்கம்கூடச் செய்யப்படவில்லை. கடவுச்சொற்கள் பூட்டியே இருந்ததால், ஆபத்து அதிகம் தலைமைச் சொல் பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான். பாதுகாப்பற்ற சீட்டு களவு போயிருந்தால் இந்த வேறுபாட்டுக்கே இடமிருந்திருக்காது. தலைமைச் சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அதை நீளமாக அமைத்து, உறையிலிட்டு, அலுவலக இரும்புப் பெட்டியில் பூட்டலாம். அந்த ஒன்றுக்குக் காகிதம் தாராளமாகப் போதும்.